கொதிகலனுக்கு நான் போர்த்திய பொன்னாடைகள்

பொன்னாடை போர்த்தப்படும்போது கழுத்தை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. மிகுதியாகச் சாய்த்தால் அதற்காகவே காத்திருந்தவன் போலத் தோன்றும். சாய்க்காமல் நின்றால் செருக்கன் என்பார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்த நான், அந்த அளவைப் பிழையறக் கற்றிருந்தேன். தலையை இடப்புறமாக ஒரு விரற்கடை சாய்த்து, கண்களைப் பாதி மூடி, 'இதெல்லாம் எதற்கு' என்று சொல்லாமற் சொல்லும் ஒரு புன்னகை. (வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகியதுதான். இனிமேல் மறைச்சு என்ன ஆகப்போகுது.) அந்தப் புன்னகையின் பொருட்டு இருநூறு பெண்கள் ஒரு திங்கள் முழுவதும் தகரக் கூரையின்கீழ் வெந்தார்கள் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு அகவை அறுபத்தொன்று. ஓய்வு பெற்ற புதிது; ஓய்வு பெற்றவர்களுக்கே உரிய இளமைத் துடிப்பு. திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீடு. மாடி அறையில் ஓர் இரும்பு அலமாரி. அதன் மூன்று தட்டுகளில் என் பொன்னாடைகள். பட்டிமன்ற நடுவர், நூல் வெளியீட்டுத் தலைவர், பள்ளி ஆண்டுவிழாச் சிறப்பு விருந்தினர் என்று நான் ஏறிய மேடைகள் யாவும் அங்கே மடிந்து கிடந்தன. மாலை வெயில் சாளரம் வழியே வந்து சரிகைகள்மேல் படும்போது அலமாரிக்குள் ஓர் அந்திவானம் இருப்பது போலிருக்கும். நான் நாற்காலியை அதன் எதிரே போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பேன்.

என் மனைவி ஞானம்மாள் மிஷன் பள்ளியொன்றில் கணக்காசிரியராக இருந்தவள். அவளுக்கு அந்திவானம் தெரியவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மூன்று தட்டுகளையும் காலி செய்து தரையில் அடுக்கி எண்ணினாள்.

"நூத்தி நாப்பத்து மூணு. ரெண்டு தடவ எண்ணிட்டேன். என் சேலை வைக்க எடமில்ல, கட்டிலுக்கு அடியில கெடக்கு."

"இவை ஆடைகள் அல்ல, ஞானம். சான்றுகள்."

"இருக்கட்டும். ஆனா இதுல ஒரு தலையணை உறைகூடத் தைக்க முடியல, கழுத்து வேர்க்குது. மிதியடியாப் போட்டுப் பாத்தேன், வழுக்குது. கரித்துணியா வச்சுப் பாத்தேன், ஒரு சொட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குது."

"பட்டு அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"பட்டா" என்றாள். கணக்காசிரியர்கள் விடையைச் சொல்லித் தருவதில்லை. மாணவனே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். நான் கண்டுபிடிக்க நான்கு திங்கள் ஆயின.

(அவள் அப்போது கையில் வைத்திருந்த கரித்துணி ஒரு கதர்த்துண்டு. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர் நூலகத்தில் எனக்குப் போர்த்தியது. சரிகை இல்லையே என்று அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இது பின்னால் வரும்.)

இனி ஆலைக்கு வருகிறேன். என் மருமகன் தனபாலின் தொழிற்சாலை, திருமங்கலம் தாண்டிக் கல்லுப்பட்டிக்குச் செல்லும் சாலையில் கரிசல் காட்டின் நடுவே இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கான பருத்திச் சட்டைகளை அங்கே தைக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் சட்டைகள். இருநூறு பெண்கள், இருநூறு தையற்பொறிகள், கூடத்தின் கடைக்கோடியில் நீராவியால் துணி தேய்க்கும் மேசைகள், எல்லாவற்றுக்கும் மேலே தகரம். அதற்கு முந்தைய சித்திரையில் ஒரே வாரத்தில் மூவர் மயங்கி விழுந்தார்கள். மூன்றாவதாக விழுந்தவர் பஞ்சவர்ணம். தையற்கூடத்தின் மேற்பார்வையாளர், அதுவரை விழுந்தவர்களைத் தூக்கி முகத்தில் நீர் தெளித்தவரும் அவரே. கண் விழித்ததும் அவர் தனபாலிடம் கேட்டாராம்: "தம்பி, நாங்க சட்டை தைக்க வந்திருக்கோமா, இல்ல எங்கள வத்தல் போட்டிருக்கீங்களா?"

அந்தக் கேள்வி தனபாலை உறங்கவிடவில்லை. ஆலையின் பின்புறம் ஒரு கொட்டகை எழுப்பினார். துணி வெட்டும்போது விழும் துண்டுகள், அக்கம்பக்கத்து நூற்பாலைகளில் கழியும் பஞ்சுத் தூசி, நூல் சுற்றிய அட்டைக் குழல்கள் என, அதுவரை கண்மாய்க் கரையில் கொட்டப்பட்டு மழையில் மக்கிக்கொண்டிருந்தவற்றை எல்லாம் எரிக்க ஒரு கொதிகலன். அதில் எழும் நீராவியில் பாதி, துணி தேய்க்க. மீதிப் பாதி, கூடத்தைக் குளிர்விக்க.

இந்த இடத்தில்தான் என் அறிவு தடுக்கி விழுந்தது. தை மாதக் கடைசியில் வெள்ளோட்டத்தைக் காணச் சென்றிருந்தேன். கொதிகலனைக் கவனிப்பவர் முத்தையா. பல்லாண்டுகள் அரிசி ஆலைக் கொதிகலனோடு வாழ்ந்து, நெருப்பைப் பற்றிப் பெண்டு பிள்ளையைப் போலப் பேசுபவர்.

"தீயை மூட்டினால் சூடு வரும். குளிர் எப்படி வரும், முத்தையா?"

"எனக்கும் மொதல்ல நம்பிக்கை இல்லீங்கய்யா. அந்தா நிக்கிது பாருங்க பெரிய டப்பா, சில்லரு. அதுக்குள்ள காத்தே கெடையாது, உறிஞ்சி எடுத்துட்டாங்க. காத்து இல்லாத எடத்துல தண்ணி தானா ஆவியாப் போகும். போகும்போது பக்கத்துக் குழாயில இருக்குற சூட்டையும் இழுத்துக்கிட்டுப் போகும், அதான் குளிரு. அந்த ஆவிய ஒரு உப்புத்தண்ணி குடிச்சிரும். குடிச்சுக் குடிச்சு வயிறு ஊதிப் போச்சுன்னா அதக் காயவச்சு மறுபடி தாகமாக்கணும்ல. அதுக்குத்தான் நம்ம நீராவி."

நான் ஒரு கையை நீராவிக் குழாயின் உறைமேல் வைத்தேன். வெதுவெதுப்பு. மறு கையை அதன் அருகிலேயே ஓடிய குளிர்நீர்க் குழாயின்மேல் வைத்தேன். விடியற்காலைக் கிணற்றுச் சுவர்போல் இருந்தது. கொட்டகையின் இடுக்கு வழியே சாய்ந்து விழுந்த ஒளியில் பஞ்சுத் துகள்கள், இறங்கவும் மனமின்றி ஏறவும் மனமின்றி, அங்கேயே நின்றுகொண்டிருந்தன. வெளியே கரிசலின்மேல் கானல். உள்ளே, யாரும் வேண்டாமென்று எறிந்த துணியொன்று தீயாகி, தீ ஆவியாகி, ஆவி எங்கோ ஓர் இருளுக்குள் சென்று குளிராகித் திரும்பி வந்து ஒரு பெண்ணின் நெற்றியைத் தொடுகிறது. என் இரு கைகளுக்கும் இடையில் அந்த மாற்றம் முழுவதும் நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "ஐயா, கைய எடுங்க, உறை சுடும்" என்று முத்தையா சொன்ன பிறகே எடுத்தேன்.

அன்று அவர் இன்னொன்றையும் காட்டினார். வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஓர் இழையை உருவி, தீக்குச்சியால் கொளுத்திப் பார்ப்பார். "பருத்தின்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாப் போகும். பாலிஸ்டர்னா உருகி உருண்டையா நிக்கும். சாம்பலானா உள்ள, உருண்டையானா வெளிய. அம்புட்டுத்தான் சட்டம். உருண்டை உள்ள போச்சுன்னா அடுப்பு தொண்டை அடைச்சுச் செத்துரும்."

நான் தலையசைத்தேன். மாணவர்கள் என் வகுப்பில் எப்படித் தலையசைத்திருப்பார்கள் என்பது அந்தத் தலையசைப்பை இப்போது நினைக்கையில் விளங்குகிறது.

அன்று மாலை மாடியில் அலமாரியின் எதிரே அமர்ந்திருந்தேன். குன்றின் உச்சியில் பனிமூட்டம். தீ குளிராகும் அந்தக் காட்சி கண்ணை விட்டு நீங்கவில்லை. அப்போது எனக்குள் அந்த எண்ணம் உதித்தது. இந்தப் பொன்னாடைகளை நானே என் கையால் அந்தத் தீயில் இட்டால் என்ன? என் புகழனைத்தும் ஆவியாகி, உழைக்கும் இருநூறு பெண்களின் நெற்றியில் குளிராக இறங்காதா? கண்கள் கலங்கிவிட்டன. (என்னை நினைச்சு நானே அழுத நாள் அது.) அன்றே ஏழு பக்கத்தில் ஓர் உரையும் எழுதிவிட்டேன். அதில் என் ஈகையின் உயர்வை நானே எடுத்துரைப்பது பொருந்தாது என்பதால், 'ஒருவர்' என்று படர்க்கையில் எழுதியிருந்தேன்.

ஞானம்மாளிடம் சொன்னேன். "எரிச்சா எடம் கிடைக்கும்" என்றாள். "முத்தையாகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஈகைக்கு யாரிடம் இசைவு கேட்பது?

ஆலைக்கு இசைவு வேண்டியிருந்தது. கழிவை எரித்து ஆலையை நடத்தலாமா என்று முடிவு செய்ய, மாசினை ஆராயும் அரசு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் பங்குனித் தொடக்கத்தில் வருவதாக இருந்தது. புகைபோக்கியில் என்ன வருகிறது, கூடத்தில் எவ்வளவு குளிர்கிறது என்று அவர் நேரில் பார்ப்பார். நிறைவடைந்தால் அந்தக் கோடை முழுவதும் கூடம் குளிரும். இல்லையேல் கொதிகலனைப் பூட்டிவிட்டு மறுபடியும் தகரக் கூரைதான்.

என் ஈகைக்கு அந்த நாளையே தேர்ந்தேன். அரங்கு நிறைந்திருக்க வேண்டும் அல்லவா?

காலை ஒன்பதரை மணிக்கு மூன்று பெரிய மூட்டைகளோடு ஆட்டோவில் சென்று இறங்கினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் ஏழு பக்கம். ஆட்டோ ஓட்டி வந்தவர் மூட்டையை இறக்கியபடி, "என்ன சார், பஞ்சா? கனமே இல்ல" என்றார்.

தனபால் வாயிலில் நின்றிருந்தார். அவர் முகத்தில் அன்று இருந்ததை நான் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

"மாமா, இன்னிக்கா வந்தீங்க? பதினோரு மணிக்கு அந்த மேடம் வாராங்க."

"அறிவேன், மாப்பிள்ளை. அதற்காகவே வந்தேன்." மூட்டையொன்றை அவிழ்த்துக் காட்டி என் எண்ணத்தைச் சொன்னேன். கொட்டகை வாயிலில் நின்ற முத்தையா சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"ஒரு நூலு மட்டும் உருவிப் பாத்துக்கிறேன்யா."

என் வாழ்வில் நான் அத்தனை நிமிர்ந்து நின்றதில்லை. "முத்தையா, முப்பத்தைந்து ஆண்டுகளாக என்னைப் போற்றியவர்களை நீர் ஒரு தீக்குச்சியை வைத்து ஐயுறுகிறீரா?"

அவர் தனபாலைப் பார்த்தார். தனபால் என்னைப் பார்த்தார். பெண் கொடுத்த மாமனார்; வந்து இறங்கியிருப்பதோ அவருடைய பெருமை முழுவதும். அதில் ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்க்க எந்த மருமகனுக்கு மனம் வரும்? "விடுங்கண்ணே" என்று மெல்லச் சொன்னார். "மாமா பட்டுன்னு சொல்றாருல்ல."

முத்தையா தீப்பெட்டியைத் திரும்பப் பையில் போட்டார். ஒரு மருத்துவர் நெஞ்சொலி கேட்கும் குழலைக் கழற்றி வைப்பது போலிருந்தது. "அப்ப ரெண்டே ரெண்டு மட்டும் போடுங்கய்யா. வெளிய குழாய்ல தண்ணி ஒழுகுது, அடைச்சிட்டு வந்துர்றேன். நான் வந்து பாத்த பெறகு மிச்சம்."

இருவரும் போய்விட்டார்கள். நானும் நெருப்பும் இருந்தோம்.

முதற் பொன்னாடையை இட்டேன். அது ஒரு நொடி தயங்கி, பின் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டது. சரிகை பற்றியபோது அதன் ஓரம் முழுவதும் பச்சைச் சுடர் ஓடிற்று. மயில் கழுத்தின் பச்சை. அப்படியொரு நிறத்தை நான் எந்தத் தீயிலும் கண்டதில்லை. இரண்டாவதை இட்டேன். மறுபடியும் பச்சை, நடுவே ஒரு நீலம்.

முத்தையா சொன்ன எண்ணிக்கை அந்த நீலத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

மூன்றாவது, மேலூர் இலக்கிய மன்றம். நான்காவது, அவனியாபுரத்தில் ஒரு பள்ளியின் ஆண்டுவிழா. என் பேச்சின் நடுவே வானூர்தி மூன்று முறை தலைக்குமேல் சென்றது. அதோ அது, தலைவர் வராமையால் எனக்குப் போர்த்தப்பட்டது. இது, எனக்கு முன் போர்த்தப்பட்டவரிடமிருந்து மெல்லத் திரும்ப வாங்கி எனக்குப் போர்த்தப்பட்டது. ஒவ்வொன்றும் போகும்போது அந்தந்த மாலைப்பொழுது ஒருமுறை எரிந்து எழுந்தது. ஒலிபெருக்கியின் இரைச்சல், ஆறிய தேநீர், முன்வரிசையில் உறங்கும் ஒருவர். எண்ணவில்லை. எண்ணுவது என் மனைவியின் துறை. மூன்று மூட்டைகளும் வெறும் துணியுறைகளாகத் தரையில் கிடந்தபோது என் தோள்கள் இறகுபோல் இருந்தன. ஒரு மணமும் எழுந்தது. நெகிழி வாளியை அடுப்பருகே வைத்தால் எழும் மணம். அதையும் நான் துறவின் மணம் என்றே எண்ணினேன்.

பிறகு கூடத்துக்குள் சென்றேன்.

வாசகர்களே, அந்தக் குளிரை எப்படிச் சொல்வேன்? வெளியே பங்குனி வெயிலில் கரிசல் வெடித்துக் கிடக்க, கதவைத் திறந்தால் உள்ளே மார்கழி. இருநூறு தையற்பொறிகளும் ஒரே குரலில் தும்பிகளாக முரன்றுகொண்டிருந்தன. மேசைகள்தோறும் வெண்ணிறக் குழந்தைச் சட்டைகள், இன்னும் பிறக்காதவர்கள் வரிசையில் காத்திருப்பது போல. பஞ்சவர்ணம் எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"நெத்தியப் பாருங்கய்யா, காஞ்சு கெடக்கு. ஒரு வாரமா இப்படித்தான். பத்தொம்பது வருசத்துல மொத தடவையா முந்தானை ஈரமில்லாம வீட்டுக்குப் போறேன். எங்க வீட்டுக்காரரு, வேலைக்குத்தான் போனியான்னு கேக்காரு."

'சற்றுப் பொறுங்கள், இன்னும் குளிரும்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அமர்ந்தேன். கண்கள் தாமாக மூடின.

கனவில் ஒரு மேடை. அது குன்றின்மேல் இருந்தது. பஞ்சவர்ணமும் இருநூறு பெண்களும் வரிசையாக வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொன்றும் குளிர்ந்த நீரில் நனைத்தது போலிருந்தது. நான் ஒரு விரற்கடை சாய்ந்து ஏற்றுக்கொண்டே இருந்தேன். இருபது, முப்பது. பின்னர் வந்தவை குளிரவில்லை. அதற்குப் பின் வந்தவை வெதுவெதுத்தன. பிறகு வந்தவை கனத்தன. 'போதும்' என்கிறேன், வரிசை முடியவில்லை. கழுத்துவரை, வாய்வரை, மூக்குவரை பொன்னாடைகள். மூச்சு முட்டுகிறது. யாரோ தோளை உலுக்குகிறார்கள்.

"ஐயா, எந்திரிங்க. ஊரே புழுங்குது, நீங்க குறட்டை விடுறீங்க."

பஞ்சவர்ணத்தின் நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தேய்க்கும் மேசையிலிருந்து ஒரு குரல்: "அக்கா, ஆவி வரல, பெட்டி ஆறிப்போச்சு." தையற்பொறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதியில் வெளியே தனபால் ஓடும் காலடியோசை கேட்டது.

வெளியே வந்து மேலே பார்த்தேன். புகைபோக்கியிலிருந்து கரிய புகை திரண்டு எழுந்து, விரைவின்றி, யானைக்கூட்டம் நீர் தேடிச் செல்வது போல் வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அது அழகாக இருந்தது என்றே சொல்வேன். (அடி வாங்குனாலும் புத்தி போகுதா பாருங்க.) அதன்கீழே, அரசு ஊர்தியிலிருந்து அப்போதுதான் இறங்கிய அம்மையார் கோப்பொன்றை நெற்றிக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கரித்துகள்கள் மெல்ல இறங்கி வந்தன. அவர் கோப்பின்மேல் ஒன்று. என் வெள்ளைச் சட்டையின் தோளில் ஒன்று. அதில் சரிகை இன்னும் மின்னிற்று.

கொட்டகைக்குள் முத்தையா கொதிகலனின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். அவர் தலை திரும்பவே இல்லை; குரல் மட்டும் வந்தது.

"அடுப்புக் கம்பி முழுக்கக் கூழா உருகிக் கெடக்கு. மூச்சு வாங்க எடமில்ல. எத்தன போட்டீங்கய்யா?"

நான் அதுவரை ஓராயிரம் மேடைகளில் பேசியவன். அன்று ஒரு சொல்தான் வந்தது. "அனைத்தும்."

அம்மையார் உள்ளே வந்தார். சினமில்லை, அதுதான் இன்னும் கொடிதாக இருந்தது. "சார், பருத்திக் கழிவுன்னு எழுதியிருக்கீங்க. என்ன எரிச்சீங்க?"

தனபால் பொய் சொல்லியிருக்கலாம். வேறு யார்மேலாவது பழியைப் போட்டிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டே, "பொன்னாடை மேடம்" என்றார்.

"யாரோடது?"

"எங்க மாமாவோடது."

அம்மையார் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். "எத்தனை?"

"நூற்று நாற்பத்து மூன்று" என்றேன். அந்த வேளையிலும் என் குரலில் ஒரு துளி பெருமிதம் இருந்ததாகத் தனபால் இன்றும் சொல்கிறார். நான் மறுக்கிறேன்.

அவர் எழுதிக்கொண்டார். "புகையோட நிறம்னு ஒரு கட்டம் இருக்கு சார். கருப்புன்னுதான் போட முடியும்." கோப்பை மூடியபின் குரலைத் தாழ்த்தி என்னிடம், "எனக்கும் போன மாசம் ஒண்ணு போட்டாங்க. கழுத்தெல்லாம் அரிப்பு. பட்டுன்னா நெனச்சீங்க?" என்றார்.

கொதிகலனைத் துப்புரவு செய்து, ஒரு திங்கள் கழித்து மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றார். அதுவரை தீ மூட்டக் கூடாது. பழைய மின்கொதிகலனில் துணி தேய்த்துக்கொள்ளலாம். குளிருக்கு வழியில்லை.

செய்தியைக் கூடத்தில் தனபால் சொன்னபோது நான் கதவருகே நின்றேன். யாரும் கூச்சலிடவில்லை. சாளரங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். அந்த இருநூறு முந்தானைகளும் ஒரே நேரத்தில் கழுத்தைத் துடைத்ததை நான் பார்த்தேன். பஞ்சவர்ணம் என்னருகே வந்தார்.

"ஒரு மாசந்தானய்யா, வெந்துட்டுப் போறோம். எங்களுக்கு என்ன புதுசா? ஆனா ஒண்ணு கேக்கேன். இம்புட்டுப் பேரு ஒங்களுக்குப் போத்துனாங்களே, ஒருத்தராச்சும் பருத்தி வாங்கியிருக்கக் கூடாதா?"

ஒருவர் வாங்கியிருந்தார். அது எங்கள் அடுக்களையில் பானை இறக்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கொதிகலன் ஆறிய பின் முத்தையா கடப்பாரையால் பெயர்த்தெடுத்தார். பூசணி அளவு, கன்னங்கரேலென்று ஒரு கட்டி. உள்ளே ஆங்காங்கே சரிகை நரம்பு. சாக்கில் சுற்றி என்னிடம் நீட்டினார். "ஐயா, இது ஒங்க சாமான்." முப்பத்தைந்து ஆண்டுகள் இரு கைகளில் அடங்கின. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஞானம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உருண்டையா நிக்கிது" என்றாள். விடை வந்துவிட்டது என்று மாணவனுக்கு உணர்த்தும் குரல்.

மறுநாள் காலை பேருந்து ஏறி ஆலைக்குச் சென்றேன். தனபாலிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துச் சொற்களை அடுக்கியிருந்தேன். எதிரே நின்றதும் வந்தது வேறு. "எனக்கு ஏதேனும் வேலை கொடுங்கள், மாப்பிள்ளை" என்றேன். அவர் திகைத்தார். முத்தையா திகைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"மூட்டை வந்துக்கிட்டே இருக்கும்யா. ஒண்ணொண்ணுலயும் ஒரு நூலு. யாரு கொடுத்ததுன்னு பாக்கக் கூடாது."

அந்தத் திங்கள் முழுவதும் கொட்டகை வாயிலில் ஒரு முக்காலியில் அமர்ந்து நூல் கொளுத்தினேன். இழை ஒன்றை உருவு, குச்சியைக் கிழி, பார். ஒரு மென்சுடர், ஒரு காகித மணம், ஊதினால் பறக்கும் சாம்பல். பங்குனி சித்திரையாயிற்று. கூடத்தில் வெந்தவர்களின் வேர்வை மணம் சாளரம் வழியே வரும். எனக்கென்று தனபால் வைத்த மின்விசிறியை நான் போட்டுக்கொள்ளவில்லை. உணவு இடைவேளையில் பெண்கள் கையலம்ப அவ்வழியே போவார்கள். "தீக்குச்சி ஐயா, என் பேச்சு பருத்தியா பாலிஸ்டரான்னு பாத்துச் சொல்லுங்க" என்பாள் ஒருத்தி. "ஒம் பேச்சு தீயே பிடிக்காதுடி, பச்ச வெறகு" என்பாள் மற்றவள். அந்தக் கானலில், அந்தச் சிரிப்பில், நூல் எரிவதைப் பார்த்துக்கொண்டே பொழுது கரைந்தது. ஒரு நூல்கூட என்னைப் போற்றவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் அமர்ந்ததில்லை.

குறித்த நாளில் அம்மையார் மறுபடியும் வந்தார். அன்று தீ மூட்ட முத்தையாவுக்குத் தாள் வேண்டியிருந்தது. என் பையில் ஏழு பக்கம் அப்படியே இருந்தது. கொடுத்தேன். நன்றாகப் பற்றியதாகவும் சாம்பல் வெண்மையாக இருந்ததாகவும் சொன்னார். என் எழுத்துக்குக் கிடைத்த நேர்மையான மதிப்புரை அதுவே. புகைபோக்கியின் வாயில் வானம் சற்றே நெளிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. நிறத்துக்கான கட்டத்தில் அம்மையார் ஒரு கோடு இழுத்தார். பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் மார்கழி இறங்கியது. யாரோ ஒரு பெண் தையற்பொறியை நிறுத்தாமலே, "யாத்தே" என்று மூச்சுவிட்டாள்.

அன்று மாலை நான் கிளம்பும்போது பஞ்சவர்ணம் ஒரு துண்டோடு வந்தார். வெட்டி விழுந்த துண்டுத் துணிகளைக் கோத்துத் தைத்தது. இளநீலம், இளமஞ்சள், ஒரு துண்டில் பாதி வாத்துப் படம். ஒவ்வொரு தையல் வரிசையும் ஒரு துண்டு கொடுத்ததாம். நான் பதறிப் பின்வாங்கினேன்.

"இருங்கய்யா, சும்மா போத்திருவமா? முத்தையாண்ணே, நூலு உருவுங்க."

முத்தையா உருவினார். கொளுத்தினார். இருநூறு பேரும் பார்த்துக்கொண்டிருக்க அது எரிந்து, வளைந்து, சாம்பலாகி அவர் விரலிலிருந்து பறந்தது.

"சாம்பல்தான்" என்றார். "குனிங்கய்யா."

எத்தனை விரற்கடை சாய்ந்தேன் என்று தெரியவில்லை. என் நெற்றி முழங்காலைத் தொட்டதாகத் தனபால் சொல்கிறார்.

அந்தக் கரிய கட்டி இப்போது எங்கள் வாயிற்கதவுக்கு முட்டாக இருக்கிறது. குன்றிலிருந்து மாலைக் காற்று இறங்கி வந்தாலும் கதவு அசைவதில்லை. வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், "அவருக்குக் கெடச்ச விருது, மொத்தமா ஒண்ணாக் குடுத்துட்டாங்க" என்கிறாள் ஞானம்மாள். அலமாரியில் அவளுடைய சேலைகள் இருக்கின்றன. என் துண்டுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறாள். கதர்த்துண்டு இன்னும் பானை இறக்குகிறது.

இக்கட்டுரையை நேற்று வீட்டில் படித்துக் காட்டினேன். முடித்ததும் தனபால், "நல்லா வந்திருக்கு மாமா, ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். நான் தலையை இடப்புறமாக ஒரு விரற்கடை சாய்த்தேன்.

ஞானம்மாள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். திரும்பி வந்து, தீப்பெட்டியை மேசைமேல் வைத்தாள்.